லோரெலின் அறைக்கு ஆள் தேடிய வாரம்

அந்த வாரம் முழுக்க ஜெர்ரி வந்துகொண்டே இருந்தது. ஜெர்ரி என்றால் ஆள் இல்லை, பனிமூட்டம். குளிர்கால விடியலில் பிரிட்ஜ்வாட்டர் பக்கமிருந்து கிளம்பி, டெர்வென்ட் ஆற்றின் மேலேயே படுத்து ஊர்ந்து, ஹோபார்ட் நகரம் வரைக்கும் வந்து, கரையோர வீடுகளையெல்லாம் விழுங்கிவிட்டு, மதியத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அழைக்காமல் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிற மைத்துனனுக்கு வைப்பது போல ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

லோரெல் கண்ணைத் திறக்காமலே ஜெர்ரி வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வாள். சத்தமெல்லாம் அடங்கிப்போயிருக்கும். பேக்கரியில் பை, அதாவது இறைச்சி அடைத்த மாவுப் பண்டம், சுடும் வேலை அவளுக்கு. வருஷக்கணக்காக ஊர் தூங்கும்போது எழுந்து பழகிய உடம்பு. மிச்சமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கும்போதும் அது தன் பாட்டுக்கு விழித்துக்கொள்ளும். அதன் பிறகு விடிகிறவரை தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில்தான் வீடு நகரும். மரச்சட்டங்கள் மெல்ல முனகும். வீடு சரிவிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு, வேலி, குப்பைத்தொட்டி எதன் மேலும் இடிக்காமல், கீழே ஆற்றுக்குப் போய்ச் சேரும். விறகடுப்பு, கெட்டில், பக்கத்து அறையில் குறட்டை விடுகிற குவெண்டா, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மிதக்கும். பாலத்துக்கு அடியில் போகும்போது லேசாக இருட்டும். லோரெலுக்குப் பயமே இருக்காது. இப்படியே போனால் கடல் வந்துவிடுமே என்று மட்டும் ஒரு நினைப்பு வரும்.

"ஏய், எந்திரிடி. ஜெர்ரி வந்தாச்சு. ஆத்தக் காணோம்" என்று குவெண்டா கதவைத் தட்டுவாள். வீடு சடாரென்று பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

குவெண்டாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஜூலை இங்கே குளிர்காலம், பள்ளி விடுமுறை என்பதால் அவளும் வீட்டில்தான். லோரெல் அவளைவிட நாலு வயது சின்னவள். கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இந்த வாடகை வீட்டுக்கு வந்தவள். அந்த இரண்டு மாதம் பத்து வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. எப்போது போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டாள். தெற்கே டோவரில், படகுத்துறைப் பக்கம், ஐலீன் என்பவள் ஒரு பை கடை வைத்திருக்கிறாள். வயதாகிவிட்டது. அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடைக்குப் பின்னாலேயே இரண்டறை வீடு ஒன்றும் தருகிறாள். வாசலில் தண்ணீர், எதிரே குட்டிக் குட்டியாக மூன்று தீவுகள். லோரெல் பிறந்ததிலிருந்து தனியாக இருந்ததே இல்லை. அப்பா வீட்டில் தங்கச்சிகளோடு ஒரே கட்டில், பிறகு கணவன் வீடு, பிறகு குவெண்டா. ஐம்பத்தேழு வயதில் ஒரு கதவைத் தானே திறந்து, உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்குள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள். ஆசைக்கு வயது பார்க்கத் தெரியுமா என்ன.

குவெண்டாவோ நகரமாட்டேன் என்றாள். "நீ போ, தாராளமாப் போ. நான் இங்கதான். என்ன வெளிய அனுப்பணும்னா நாலு பேரு சேந்து தூக்கணும்."

சிக்கல் அங்கேதான். இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட வீடு இது. ஒருத்தி போனால் அவள் இடத்துக்கு இன்னொருத்தர் வர வேண்டும், இல்லாவிட்டால் மற்றவளும் காலி செய்ய வேண்டியதுதான் என்று வீட்டு ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். போகிறவர்தான் புது ஆளைப் பிடித்துத் தர வேண்டும் என்பது இங்கே சேர்ந்து குடியிருப்பவர்களின் எழுதாத சட்டம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஐலீன் சொல்லியிருந்தாள். குவெண்டாவைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை லோரெல். ஆக, வெள்ளிக்குள் ஆள் கிடைத்தால் டோவர். கிடைக்காவிட்டால் இல்லை.

ஹோபார்ட்டில் வாடகைக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. விளம்பரம் போட்டதுமே போன் மேல் போன் வந்தது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

திங்கட்கிழமை சிட்னியிலிருந்து ஏட்ரியன் என்றொருவன் வந்தான். பனிக்குள்ளிருந்து முதலில் அவன் ஷூ வந்தது, பிறகு பளபளப்பான குளிர்கோட்டு, கடைசியில்தான் முகம்.

"வாங்க, வாங்க" என்றாள் லோரெல். "பெரிசா ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. ஓட்ட வீடு."

"போட்டோல நல்லா இருந்துச்சே."

"போட்டோல குளிரு தெரியாதுல்ல. இதான் ரூமு. ஜன்னல்லேர்ந்து ஆறு தெரியும். இப்பத் தெரியாது. நாளைக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். கூரைக்குள்ள ஒரு போஸம் குடியிருக்கு, பூன சைசுதான், ஆனா ராத்திரியெல்லாம் பூட்ஸ் போட்டுட்டு நடக்கிற மாதிரி நடக்கும். வாடகைல பங்கு கேட்டுப் பாத்தாச்சு, தரமாட்டேங்குது."

"ஹீட்டர் இருக்குல்ல?"

"அடுப்பு இருக்கு. விறகு நீங்கதான் பொளக்கணும்."

ஏட்ரியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கொடுத்த தேநீரைப் பாதி குடித்துவிட்டு, நல்ல வீடு, நல்ல வீடு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டான். ஆளைக் காணோம், ஆனால் இறங்கிப்போகிற ஷூச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஓடுகிற மாதிரிதான் இருந்தது.

இதில் லோரெலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்தத் தீவில் பிறந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான். தன் வீட்டை, தன் பிள்ளையை, தான் சுட்ட கேக்கை மட்டம் தட்டிப் பேசுவதுதான் இங்கே மரியாதை. அருமையான வீடு என்று யாராவது தன் வீட்டைத் தானே சொல்லிக்கொண்டால் அடுத்த தெரு வரைக்கும் சிரிப்பார்கள். ஓட்டை வீடு என்றால் வசதியான வீடு, ஏதோ வயிற்றுக்குச் சமைத்தேன் என்றால் விருந்து, மோசமில்லை என்றால் தலைமேல் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது எங்கே புரிகிறது? சொன்னதைச் சொன்னபடி நம்பித் தொலைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பிரிஸ்பேனிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். படிக்க வந்திருந்த பெண் பெட்டியில் இருந்த துணி எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உருண்டையாக நின்றாள். குளியலறைக் குழாய் செத்துப்போகிற மாடு மாதிரி கத்தும் என்றாள் லோரெல். திறந்தும் காட்டினாள். அன்றைக்குப் பார்த்து அது பிரமாதமாகக் கத்தியது. அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனாள்.

புதன்கிழமை வந்தவன் வயலின் வாசிப்பவன். ஒல்லியாக, அமைதியாக இருந்தான். ஜன்னலருகே நின்று வெள்ளையைப் பார்த்தபடி, "இந்த மாதிரி ஒரு அமைதிலதான் வாசிச்சுப் பழகணும்னு ஆசை" என்றான்.

"அதுதான் கஷ்டம்" என்றாள் லோரெல், கண் இமைக்காமல். "பக்கத்து வீட்டு நார்மனுக்குச் சத்தமே ஆகாது. சண்டைக்கு வந்துடுவாரு."

நார்மனுக்கு இரண்டு காதும் கேட்காது. குவெண்டா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நார்மன் சண்டைக்கு வருவார் என்று ஏன் சொன்னோம் என்று லோரெலுக்கே விளங்கவில்லை. வாய் முந்திக்கொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்று பிற்பகல் மூட்டம் விலகி ஆறு கொஞ்ச நேரம் தெரிந்தபோது, ஜன்னலருகே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டோவர் வீட்டை நினைத்துப் பார்த்தாள். கதவு வருகிறது, தீவுகள் வருகின்றன, ஆனால் அந்த வீட்டுக்குள் தான் மட்டும் வரவில்லை. எவ்வளவு முயன்றும் உள்ளே யாரும் இல்லாமலே இருந்தது.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. இருவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து டோஸ்ட் தின்றார்கள்.

"நீயும் டோவருக்கே வந்துடேன்" என்றாள் லோரெல்.

"ரெண்டு ரூம்ல ஒண்ணு எனக்கா? அப்புறம் நீ தனியா இருந்து என்னத்தக் கிழிக்கப் போறே?"

"விளையாடாதடி. நாளைக்கும் யாரும் வரலன்னா?"

குவெண்டா வெண்ணெய்க் கத்தியை நக்கினாள். அது அவளுடைய கெட்ட பழக்கங்களில் முதலாவது.

"எங்கப்பா மலை மேல அணை கட்டுற முகாம்ல வேல பாத்தாரு. அணை முடிஞ்சதும் கம்பெனி ஊரையே கழட்டிடுச்சு. பொய் இல்ல. எங்க வீட்ட ரெண்டா அறுத்து ரெண்டு லாரில ஏத்துனாங்க. நாங்க பின்னாடி கார்ல போறோம். எனக்கு ஏழு வயசு. முன்னாடி லாரில என் ரூமு போகுது. சுவத்துல நான் ஒட்டின குதிரப் படம் ஆடுது. எங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா, காருக்குள்ளேர்ந்தே அதுக்கு டாட்டா காட்டுன்னா."

"காட்டினியா?"

"காட்டினேன். அதுக்கப்புறம் எத்தன வீடு. எண்ணுறத விட்டுட்டேன். இந்த வீடு ஒண்ணுதான் நான் தூங்கி எந்திரிச்சா அதே எடத்துல இருக்கு."

லோரெல் அடுப்புக்குள் இன்னொரு கட்டையைத் தள்ளினாள். தன் தூக்கத்தில் இந்த வீடு தினம் ஆற்றில் மிதக்கிற கதையை அவளிடம் சொல்லிவிடக் கூடாது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை ஜெர்ரி அதற்கு முன் எப்போதும் இல்லாத கனத்தோடு வந்திறங்கியது. வாசல் படியே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து டாம்சின் வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். மேற்குக் கரையில் ஸீஹன் ஊர்க்காரி. கீழே மெயின் ரோட்டில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலை, இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, சிரிப்பில் மட்டும் தூக்கம் இல்லை. குவெண்டா சமையலறையிலிருந்து கையாட்டிவிட்டுத் தேநீர் போட ஆரம்பித்தாள்.

"ஓட்ட வீடுதான்" என்று ஆரம்பித்தாள் லோரெல்.

"அவ்ளோ நல்லா இருக்கா?" என்றாள் டாம்சின்.

லோரெலுக்குத் திக்கென்றது. தீவுப் பெண். இவளிடம் இந்தச் சீட்டு செல்லாது.

"குளிரு எலும்புக்குள்ள போகும், கண்ணு."

"ஸீஹன்ல வெயில் அடிச்சாத்தான் நாங்க பயப்படுவோம். ஏதோ கெட்டது நடக்கப் போகுதுன்னு."

"போஸம்."

"பேரு வச்சிருக்கீங்களா?"

"குழாய் கத்தும்."

"எங்க கிழவங்க கத்துறத விடவா?" டாம்சின் அறையைச் சுற்றி வந்து, ஜன்னலருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்கக்கூட இல்லை. உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். அப்படியே தூங்கிப்போய்விடுவாள் போலிருந்தது. முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. அந்த நாற்காலி அவளுக்கென்றே செய்தது போலப் பொருந்தியது.

லோரெல் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இங்கேதான் உட்காரப் போகிறாள். குவெண்டா இவள் கதவைத்தான் தட்டப் போகிறாள். ஆத்தக் காணோம் என்று இவளிடம்தான் சொல்லப் போகிறாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "குவெண்டா கூட இருக்கிறது லேசில்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நாள் கணக்கா பேச மாட்டா. நான் போறதே அதனாலதான்னு வச்சுக்கயேன்."

டாம்சின் கண்ணைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. சொந்த வீட்டை மட்டம் தட்டுவது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி என்று இந்தத் தீவில் பிறந்தவளுக்குத் தெரியாதா? எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க. யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் சொல்லமாட்டேன் என்று எல்லா ஊரிலும் அர்த்தம். கதவு சாத்திக்கொண்டது. லோரெல் திரும்பினாள். சமையலறை வாசலில், மூன்று கோப்பை தேநீரோடு, குவெண்டா நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டத் திட்டினே, சரி. நார்மன ராட்சசன் ஆக்கினே, சரி. என்னையுமா?"

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்கு இல்ல. நாலு நாளா பாத்துட்டுதான இருக்கேன். வர்றவங்கள யாருடி விரட்டறா? போஸமா?"

லோரெலின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும் வரக் கூடாது. வராட்டி நீ போக வேணாம். அப்புறம் ஊரெல்லாம் சொல்லிக்கலாம், பாவம் குவெண்டா, அவளுக்காகத்தான் நின்னுட்டேன்னு. ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பெருமூச்சு விடலாம்." குவெண்டா கோப்பைகளை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் தேநீர் கொஞ்சம் சிந்தியது. "என்னச் சாக்கா வச்சு உக்காந்துடாத லோரெல். நான் யாருக்கும் சாக்கா இருக்க மாட்டேன்."

அடி படவேண்டிய இடத்தில்தான் பட்டது. உண்மைதான், அத்தனையும் உண்மை. மரியாதை, மரியாதை என்று சொல்லிக்கொண்டு நாலு நாளாகத் தன் கதவைத் தானே உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறாள். தனி வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கே அந்த வீட்டை நினைத்தால் கதிகலங்கியது. அங்கே யார் எழுப்புவார்கள்? யார் திட்டுவார்கள்? அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அவளோட பஸ் வந்துடும்" என்றாள் குவெண்டா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "போறதுன்னா இப்பப் போ."

லோரெல் வீட்டுச் செருப்போடு ஓடினாள். நாலு எட்டு வைப்பதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தெருவும் இல்லை, வேலியும் இல்லை. திரும்பிப் பார்த்தாள், வீடும் இல்லை. உண்மையிலேயே கழன்று போய்விட்டதோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. கீழே எங்கேயோ ஆறு இருந்தது, எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. இவள் மட்டும் பஞ்சுக்குள் நீந்துகிற மாதிரி கையை முன்னால் நீட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கால் பழக்கத்தில் போனது. இத்தனை வருஷம் இருட்டில் இறங்கி வேலைக்குப் போன வழி.

"டாம்சின்!"

"இங்க" என்றது பனி. மிக அருகில்.

பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். லோரெல் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"பொய் சொல்லிட்டேன்" என்றாள். "குவெண்டாவப் பத்தி."

டாம்சின் எழுந்து போகவில்லை.

இனிமேல் செய்ய வேண்டியதை லோரெல் வாழ்க்கையில் செய்ததில்லை. சொந்த வீட்டைப் புகழ வேண்டும். சந்தையில் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி கூச்சமாக இருந்தது. முகம் தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நல்ல வீடு அது. ஜெர்ரி போனதும் சமையல்கட்டுல வெயில் வரும் பாரு, தரைல மெதுவா நகந்து போகும், அதப் பாத்துட்டே உக்காந்திருக்கலாம். எதுவும் செய்யத் தோணாது. படுக்கறப்ப பெரிய கட்டையா ஒண்ணு அடுப்புல போட்டா காலைல வரைக்கும் சூடு இருக்கும். எந்தக் கட்டைன்னு குவெண்டா காட்டிக் குடுப்பா. அந்த போஸம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது. ஆறு ஒரு நாளைக்கு இருந்த கலர்ல மறுநாள் இருக்காது. பின்னாடி ஆப்ரிகாட் மரம் இருக்கு. சொல்லவே இல்லல்ல? யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் குவெண்டா." வீட்டுச் செருப்பில் ஒட்டியிருந்த ஈரப் புல்லைத் தட்டிவிட்டாள். "நான் வந்த புதுசுல ராப்பகலா அழுதேன். ஒரு நாளு கூட ஏன்னு கேக்கல அவ. நான் அழ ஆரம்பிச்சா ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வைப்பா. நான் அழறது எனக்கே கேக்கக் கூடாதுன்னு. காய்ச்சல்னா சூப்ப வச்சுட்டுக் கதவ மூடிட்டுப் போயிடுவா. அவள மாதிரி ஒருத்திகூட இருக்கக் குடுத்து வச்சிருக்கணும் கண்ணு. போதுமா? இதுக்கு மேல என்னால முடியாது."

டாம்சின் தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று லோரெல் குனிந்து பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது.

"இவ்ளோ நல்ல வீட்ட விட்டுட்டு ஏன் போறீங்க?"

நியாயமான கேள்வி. இந்த நாலு நாளில் யாரும் கேட்காத கேள்வி. ஏனென்றால் யாருக்கும் அது நல்ல வீடு என்றே தெரியாது.

"பயந்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள் லோரெல். "ஒரு தடவையாச்சும் தனியா இருந்து பாக்கணும். இன்னிக்குப் போகலன்னா அப்புறம் போகவே மாட்டேன்."

பேருந்தின் விளக்குகள் மங்கலாக, இரண்டு மஞ்சள் கறைகளாக வந்தன. டாம்சின் எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வீடு மோசமில்ல" என்றாள். "திங்கக்கெழம வந்துடறேன். குவெண்டாகிட்ட சொல்லிடுங்க, எனக்கு டீல சர்க்கர வேணாம்னு."

மேலே ஏறி வரும்போது வீடு அதே இடத்தில்தான் இருந்தது. முதலில் படி தெரிந்தது, பிறகு கதவு, பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற குவெண்டா. குளிரை உள்ளே விடுகிறாளே என்று வழக்கமாகத் திட்டுகிறவள் அவள்தான்.

"வர்றாளா?"

"வர்றா. திங்கக்கெழம. சர்க்கர வேணாமாம்."

குவெண்டா தலையசைத்தாள். தொலைபேசியை எடுத்து லோரெலின் கையில் கொடுத்தாள். லோரெல் டோவருக்குப் பேசினாள். வருகிறேன், ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வருகிறேன் என்று ஐலீனிடம் வாக்குக் கொடுத்தாள். அங்கே ஐலீன் சந்தோஷத்தில் ஏதேதோ சொன்னாள், மீன், படுக்கை விரிப்பு, சாவி என்று. எதுவும் காதில் ஏறவில்லை. குவெண்டா தொட்டி பக்கம் திரும்பி நின்று, குடிக்காத தேநீரைக் கோப்பை கோப்பையாகக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே மூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்திருந்தது.

போனை வைத்ததும் குவெண்டா குழாயை மூடினாள். திரும்பாமலே பேசினாள்.

"நீ அவங்கள விரட்டினப்பல்லாம் நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான். ஏன்?"

"அந்த வயலின்காரன்கிட்ட, நார்மனுக்குக் காது கேக்காதுப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நான்? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு கெட்டில எடுத்துட்டுப் போயிட்டேன். அந்தப் பிரிஸ்பேன் பொண்ணு கதவு வரைக்கும் போயித் திரும்பி என்னப் பாத்தா. நான் ஜன்னலப் பாத்தேன். விரட்டு, நல்லா விரட்டுன்னு உள்ளுக்குள்ள சொல்லிட்டிருந்தேன் லோரெல். இன்னிக்கு நீ என்னத் திட்டாம இருந்திருந்தா, இப்பவும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

லோரெல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஏண்டி சொல்லல?"

குவெண்டா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அழுது முடித்த முகமாக இருந்தது. எப்போது அழுதாள் என்று தெரியவில்லை, ஒருவேளை லோரெல் பேருந்துக்கு ஓடியபோது.

"சொல்லியிருந்தா நீ நின்னிருப்பே" என்றாள்.